வெள்ளைத் திட்டு

பன்னிரண்டு சதவீதம். சற்று முன்பும் பன்னிரண்டுதான் காட்டியது, அல்லது நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதால் அது நகராத மாதிரி இருக்கிறது, அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது என்பார்களே அந்த மாதிரி. மணி பத்து எட்டு. பதினொன்றுக்குக் கூட்டம். கூட்டத்தில் ஒரே வேலைதான், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் முதல் கையெழுத்து என்னுடையது, ஏனென்றால் முதல் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது: ஹெப்சிபா ஞானராஜ். இரண்டாவது ஏகாம்பரம் சார். மூன்றாவது இயக்குநர் மேடம். போட்டுவிட்டால் தீர்ந்தது, மூன்று வருஷம் கழித்துப் போகப்போகும் கலம் எங்கே இறங்கும் என்பது முடிவாகிவிடும், எங்கள் படத்தில் வெள்ளையாகத் தெரிகிற அந்தத் திட்டில், நிலவின் தென் பாதியில், நாற்பது கிலோமீட்டர் அகலம், அலுமினியம் கொட்டிக் கிடக்கும் பழைய பாறை, நிலவு உருகிக் குளிர்ந்தபோது முதலில் படிந்த தோல் என்று அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன். நல்ல வாக்கியம் என்று அன்றைக்கு எனக்கே பெருமை. இன்றைக்குக் காலை ஏழு ஐம்பதுக்கு ஓசூர் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது அந்த வாக்கியம் பொய்யோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. பன்னிரண்டு சதவீதம்.

காலையில் ஆபீஸ் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஏகாம்பரம் சார், அவர் பக்கத்தில் ஸ்டோர்ஸ் விஜயா. விஜயா கேட்கிறாள், இந்த மாசம் கிரிவலம் என்னைக்கு சார் போறீங்க, நானும் அம்மாவைக் கூட்டிட்டு வரலாம்னு பாக்கறேன். சாரிடம் இதைக் கேட்டால் போதும், பதினேழு வருஷமாக ஒரு பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை சுற்றுகிற மனுஷர். "புதன் ராத்திரிம்மா. புதன் சாயந்திரம் நாலரைக்குத் திதி ஆரம்பிச்சு வியாழன் மூணு மணிக்கு முடிஞ்சிடுது. வியாழன் ராத்திரி சுத்தினா நிலா என்னமோ முழுசாத்தான் இருக்கும், ஆனா திதி இருக்காது. போன புரட்டாசியிலயும் இப்படித்தான், புதன்தான் சுத்தினேன்." விஜயா தலையாட்டினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போன புரட்டாசி. திதி முடிகிற நேரம்தான் நிலவு உண்மையாகவே முழு நிலவாகிற நேரம் என்று எனக்குத் தெரியும், வானியலாகத் தெரியும், திதியாகத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளுக்குப் பௌர்ணமி என்றால் சார் லீவு போடுகிற நாள், அவ்வளவுதான். இந்த அறையில் எல்லோருக்குமே அப்படித்தான். சார் மலை சுற்றப் போனார் என்றால் நிலா வாலுக்குள் போயிற்று என்று அர்த்தம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

வால் என்றால் பூமியின் வால். சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை ஊதித் தள்ளி நீளமாகப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறது, மாதம் ஒரு முறை பௌர்ணமியை ஒட்டி நிலவு அதற்குள் நுழைந்து வெளியே வரும், பௌர்ணமிக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள். அந்த நாட்களில் எங்கள் கருவியை நம்பக்கூடாது. மற்ற நாட்களில் அது சமர்த்து. சூரியனில் ஒரு வெடிப்பு வரும், எக்ஸ் கதிர் நிலவின் மண்ணில் படும், மண்ணில் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு ஆற்றலில் பதிலுக்கு ஒளிரும், மக்னீசியம் ஒன்று, அலுமினியம் ஒன்று, சிலிக்கான் ஒன்று, நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே எங்கள் பெட்டி அதை எண்ணும். வாலுக்குள் மட்டும் துகள்கள் வந்து பெட்டியின் மேலேயே மோதும். பெட்டி அலுமினியத்தில் செய்தது. அது தன் அலுமினியத்தைத் தானே எண்ணிக்கொள்ளும். என் அப்பா நாசரேத் ரேஷன் கடையில் இருபத்தாறு வருஷம் நிறுத்துப் போட்டவர், எண்ணெயை டின்னோடு நிறுத்துவிட்டு அவ்வளவும் எண்ணெய் என்றால் ஜனங்கள் விடுவார்களா. டின்னைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்குத்தான் வால் நாட்களின் பட்டியல். அந்தப் பட்டியலைத் தட்டெழுதியவள் நான். இருபத்தாறு மாதங்களுக்கு. இருபத்தைந்து மாதங்களுக்குக் கோள்நிலை அட்டவணையைப் பார்த்துத்தான் போட்டேன், கர்த்தர் சாட்சியாக. ஒரு மாதத்துக்கு மட்டும், புரட்டாசிக்கு, அட்டவணை இருந்த சர்வர் அன்று மதியம் படுத்துவிட்டது, பாப்பாவை நாலு மணிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன், சார் இந்த மாசம் என்னைக்கு மலைக்குப் போனார்? அடுத்த மேஜையிலிருந்து முபாரக் சொன்னான், புதன். புதன் என்று போட்டேன். நாளைக்குச் சரிபார்க்கணும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நாளை வரவேயில்லை. பட்டியல் ஞாயிறு முதல் சனி வரை என்று மூடிக்கொண்டது. உண்மையான வால் திங்கள் முதல் அடுத்த ஞாயிறு வரை.

அந்த ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியன் வெடித்ததே, இருபத்தாறு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வெடிப்பு, எங்கள் பெட்டி அப்போது சரியாகத் தென் பாதியின் மேலே, எண்ணிக்கை குதித்துக்கொண்டு வந்தது, திங்கட்கிழமை சார் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைத் திட்டு முழுக்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வேறு எந்த நாளிலும் அந்த இடத்துக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கவில்லை. முப்பத்தொன்று சதவீதம். ஏறிவிட்டது. நான் இப்போது ஓட்டிக்கொண்டிருப்பது அதே ஞாயிறுதான், ஆனால் டின்னைக் கழித்து, அதாவது அன்றைக்கே நிலவின் இருட்டுப் பக்கத்தில் பெட்டி எண்ணியதை எடுத்து இதிலிருந்து கழித்து. இருட்டில் சூரியன் இல்லை, மண் ஒளிராது, அங்கே தெரிகிற அலுமினியம் எல்லாம் பெட்டியுடையதுதான். கழித்த பிறகும் திட்டு வெள்ளையாக இருந்தால் நான் பைத்தியக்காரி, ஓடிப்போய் முகம் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால். இல்லையென்றால் என்ன என்கிற இடத்தில் மனசு சண்டி மாடாக நின்றுவிடுகிறது, தார்க்குச்சியால் எவ்வளவு குத்தினாலும் நகர மாட்டேன் என்கிறது. ஏசி ஏன் இவ்வளவு குளிர்கிறது. கைவிரல் நகம் ஊதாவாக இருக்கிறது. முபாரக் காதில் ஹெட்போனோடு எதற்கோ தலையாட்டுகிறான். புதன் என்று சொன்னவன். அவன் மேல் என்ன தப்பு, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னான், சார் புதன்தான் போனார்.

திட்டு இல்லையென்றால் அந்த இடத்துக்குப் போக ஒரு காரணமும் இல்லை. வடக்கே ஒரு சமவெளி இருந்தது, மேஜை மாதிரி தரை, எல்லோருக்கும் பிடித்த இடம். நான்தான், நாங்கள்தான், திட்டைக் காட்டி அதைத் தோற்கடித்தோம். திட்டின் தரை மோசம். சரிவு, பாறாங்கல், குழிக்குள் குழி. பத்துத் தடவை இறங்கினால் மூன்று தடவை கவிழும் என்று கணக்குப் போட்டவர்களே சொன்னார்கள், வேதியியல் அவ்வளவு முக்கியம் என்றால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அவ்வளவு முக்கியம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கலத்தின் கால் செய்கிற குழுவில் ஒரு பெண் கேன்டீன் வரிசையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், "உங்க திட்டுக்காகத்தான் மேடம் கால்ல ஆறு கிலோ ஏத்தியிருக்கோம்." அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த ஆறு கிலோவுக்காக யாரோ ஒருத்தருடைய கருவி கீழே இறக்கப்பட்டிருக்கும், அவர் வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் சாப்பிட்டிருப்பார். இறங்குகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியும், பெரிய திரை, வரிசையாக நாற்காலிகள், டிவிக்காரர்கள், உயரம் எண்ணூறு, நானூறு, நூற்றிருபது, எல்லோரும் கைகளைத் தட்டுவதற்குத் தயாராகப் பாதி உயர்த்தி வைத்திருப்பார்கள், பிறகு எண் நின்றுவிடும். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணும் அங்கேதான் இருப்பாள்.

ஆனால் கையெழுத்துப் போட்டால்தான் என்ன. இதை நினைத்தது நான்தானா. ஆமாம், நான்தான், பொய் எதற்கு. இன்றைக்குக் கேட்கிறவர் யார், பட்டியலைத் திறந்து புரட்டாசியை எண்ணிப் பார்க்கிறவர் யார். மூன்று வருஷம். மூன்று வருஷத்தில் நான் வேறு இடத்துக்கு மாறியிருக்கலாம். கலம் பத்திரமாக இறங்கினால்தான் ஆபத்து, இறங்கினால் மண்ணைத் தோண்டி அளக்கும், அலுமினியம் எங்கேம்மா என்று கேட்பார்கள். கவிழ்ந்துவிட்டால் அளக்க ஆளில்லை. கவிழ்ந்துவிட்டால் திட்டு படத்தில் வெள்ளையாகவே இருக்கும், பாடப்புத்தகத்தில்கூட ஏறும், என் தப்பு யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியவராது. கவிழ்ந்தால் நல்லது. இந்த இரண்டு சொல்லும் எனக்குள் தெளிவாக, என் குரலிலேயே ஓடின. நான் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன். முந்நூறு பேர் மொத்தம் ஏழு வருஷம் உழைத்து முடிக்கப்போகிற ஒன்று கவிழ வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை பத்தே முக்கால் மணிக்கு ஏசி அறையில் உட்கார்ந்து ஆசைப்படுகிறாள், அவள் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருக்கிறது, சாயந்திரம் பாப்பாவுக்கு ஹிந்தி வகுப்பு. பயமாக இருந்தது. கலத்தைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. அறுபத்து நான்கு சதவீதம்.

"என்னம்மா, ரெடியா?" தோளுக்குப் பின்னால் ஏகாம்பரம் சார். நான் திரையை மாற்றினேன், அறிக்கையின் முதல் பக்கம் வந்தது, என் பெயர் முதலில். அவர் நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த மாதக் கடைசியோடு ரிட்டயர் ஆகிறார், இன்னும் நான்கு வாரம். நான் இங்கே சேர்ந்தபோது ஒரு நிறமாலையைப் பார்த்து எது சிலிக்கான் எது வெறும் இரைச்சல் என்றுகூடத் தெரியாது, திட்டாமல், சிரிக்காமல் வேலை வாங்கிய ஒரே ஆள். பொங்கல் முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, அறிக்கையில் என் பேரு ரெண்டாவதா இருக்கட்டும்மா, உழைச்சது நீ, முன்னாடி நில்லு, நான் போகப்போறவன் என்றார். அன்றைக்குப் பாத்ரூமில் போய் அழுதேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது. உங்கள் லீவை வைத்து நான் நிலவின் தேதியைப் போட்டேன் சார், உங்கள் கடைசி வேலை பாழாய்ப் போயிற்று சார் என்றா. "ஒரு சின்ன சந்தேகம் சார், ஒரு ரன் போட்டிருக்கேன்" என்றேன், குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடைசி நேரத்துல எதையும் நோண்டாதம்மா. நோண்டினா எல்லாத்துலயும் ஒண்ணு வரத்தான் செய்யும். நல்லா வந்திருக்கு. விடு." தோளைத் தட்டவில்லை, வழக்கமாகத் தட்டுவார். "மேடம் சரியா பதினொண்ணுக்கு வந்துருவாங்க" என்றுவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் நடையில் கூட்ட அறை வரைக்கும் கேட்டது. பாவம் மனுஷர், ரிட்டயர் ஆக நான்கு வாரம் இருக்கும்போது இவரையா நான் தலைகுனிய வைக்கப்போகிறேன்.

எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. இப்போது வேகமாக ஓடுகிறது, இப்போதுதானா வேகமாக ஓட வேண்டும். ஒருவேளை திட்டு இருக்கும். இருக்கத்தான் வேண்டும், தெற்குப் பக்கம் பொதுவாகவே அலுமினியம் அதிகம், பெட்டியின் பங்கு சின்னதாக இருக்கலாம், கொஞ்சம் மங்கும், ஒரு திருத்தக் குறிப்பு, அடிக்குறிப்பில் இரண்டு வரி, சார் சிரித்துவிட்டு விடுவார். பரீட்சை முடிவு பார்க்கப் போகும்போது வழியில் வருகிற ஒவ்வொரு லாரி நம்பரையும் கூட்டிப் பார்ப்போமே, இரட்டைப்படை வந்தால் பாஸ், அந்தப் புத்திதான் இன்னும். கர்த்தாவே, இரட்டைப்படை. தொண்ணூற்றாறு. முபாரக் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அக்கா, மேடம் கார் வந்தாச்சு, நீங்க போகலையா?" என்றான். இதோ என்றேன். நூறு.

படம் வருவதற்குப் பதிலாக ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு உள்ளது, அதன் மேல் எழுதவா, ஆம், இல்லை. எனக்குப் புரியவில்லை. எங்கள் நிரல் கோப்புக்குத் தானாகவே பெயர் வைக்கும், எந்தச் சுற்று, எந்த நாள், எந்த நாளின் இருட்டைக் கழித்தது என்று மூன்றையும் சேர்த்து. இதே பெயர் இருக்க வேண்டுமென்றால் இதே ஞாயிற்றை, இதே இருட்டைக் கழித்து, வேறு யாரோ ஓட்டியிருக்க வேண்டும். புரட்டாசியைச் சந்தேகப்படாத ஒருத்தருக்கு அந்த எண்ணமே வராது. இல்லை என்று அழுத்தினேன். பழைய கோப்பின் விவரத்தைத் திறந்தேன். ஜனவரி பதினேழு, மாலை ஐந்து பத்து. உருவாக்கியவர் ஏகாம்பரம். அதைத் திறந்தேன், என்னுடையதையும் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். இரண்டு படங்களும் ஒன்றே. வெள்ளை இல்லை. திட்டு இருந்த இடத்தில் சுற்றிலும் இருக்கிற அதே சாம்பல் நிறம், ஓரம்கூடத் தெரியவில்லை, அங்கே எதுவும் எப்போதும் இருந்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அந்தப் புதன் ராத்திரி மலையைச் சுற்றியவருக்குத் தெரியாதா வியாழன்தான் முழு நிலவு என்று. பட்டியலில் புதன் என்று பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு உழைத்தது நீ, முன்னால் நில் என்றிருக்கிறார். அதற்குத்தான் நான் அழுதேன். கோபம் வந்தது, கிழட்டு மனுஷா என்று வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் கோபம் முழுதாக எரிய மாட்டேன் என்கிறது, நடுவில் ஒன்று இடறுகிறது: நான் நாற்பது நிமிஷம் நினைத்ததைத்தானே அவர் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கவிழ்ந்தால் நல்லது என்று அவரும் நினைத்திருப்பாரா. மலையைச் சுற்றிக்கொண்டே நினைத்திருப்பாரா.

மடிக்கணினியை மூடாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கூட்ட அறை வாசலில் அவர் நின்றிருந்தார், எனக்காகத்தான். "வாம்மா, மேடம் உக்காந்தாச்சு." நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு படங்கள், கீழே இரண்டு பெயர்கள், இரண்டு தேதிகள். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. என்ன படம் என்று கேட்கவில்லை. எதையாவது கேட்பார் என்று அந்த நேரத்திலும் எதிர்பார்த்தேன், இது என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நம்பியிருப்பேன். சட்டைப் பையிலிருந்த ஒரு பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இன்னும் நாலு வாரம்தாம்மா, ஹெப்சி" என்றார். மிரட்டவில்லை. கெஞ்சினார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை, அதைக் கேட்டபோது அவர் மேல் இருந்த கோபம் போய் வெறும் பயம்தான் மிஞ்சியது, இருபது வருஷம் கழித்து நானும் யாரிடமாவது இப்படி ஒரு பேனாவை நீட்டுவேனோ என்று. பேனாவை வாங்காமல் உள்ளே போனேன். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், நடுவில் அறிக்கை கடைசிப் பக்கம் திறந்தபடி. கால் செய்கிற குழுவிலிருந்து அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்து நாற்காலியை இழுத்துக் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

"முதல்ல நீங்கதான் ஹெப்சிபா" என்றார் இயக்குநர் மேடம், பக்கத்தை என் பக்கம் தள்ளி.

"திட்டு இல்ல மேடம்," என்றேன். "அந்த வெள்ளை நிலாவோடது இல்ல. நம்ம பெட்டியோடது. தேதியைத் தப்பாப் போட்டது நான்தான். ரெண்டு கோப்பு இருக்கு, ரெண்டையும் திரையில போடறேன்."

எனக்குப் பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து மூடினாரா, வெளியே நின்று மூடினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.